போனில் கேட்காத வாத்தியம்

பாலையூற்று,
திருகோணமலை.
மே 3

சுகிர்தன் அண்ணாவுக்கு,

அந்தப் பேஸ் கிற்றாரை நீங்கள் போட்டோ போடுவதற்காகத்தான் வாங்கினீர்கள். இதை முதலில் எழுதினால்தான் மற்றதையெல்லாம் எனக்கு மரியாதையாக எழுத வரும். இனிச் சொல்கிறேன்: நானும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் விட்டிருக்கும். அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருப்பார்கள் என நம்புகிறேன்.

குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகத் துவாரகன் சொன்னான். என் கோபம் உங்கள் காதில் அணில் கத்துவது போல விழ வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

பெட்டி துவாரகன் வீட்டுக்குத்தான் வந்தது. கீபோர்ட் வாசிப்பவனும் எங்கள் இசைக்குழுவுக்குப் பொறுப்பானவனும் அவன் என்பதால் அவனே பிரித்தான். நான் தொடுவதற்கு முன்பே சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டான். ஐந்து கம்பி, புலித்தோல் போல வரியோடிய மரம், தங்கப்பூச்சு முறுக்காணிகள். கிண்ணியாவிலிருந்து ட்ரம்ஸ் வாசிக்க வரும் றிஸ்கான், “இது கிற்றாரா, கலியாணத்துக்குப் போடுற நகையா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். பிறகு கூட வந்த அம்ப்ளிபயரை வெளியே எடுத்தோம். சோற்றுப் பானை அளவு. உள்ளே எட்டு அங்குல ஸ்பீக்கர். கட்டிலில் இருந்து தனியாகப் பழகுகிறவர்களுக்கென்று செய்த பெட்டி. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

தை மாதம் நீங்கள்தானே, “என்ன வேணும் எண்டு வெக்கப்படாமச் சொல்லு தங்கச்சி” என்று கேட்டீர்கள். வெட்கப்படாமல் சொன்னேன். காசில் பெரும்பகுதியை அம்ப்ளிபயரில் போடுங்கள், மிச்சத்துக்கு எந்தக் கிற்றார் வந்தாலும் நான் சமாளிப்பேன் என்றேன். நிலாவெளி ஹோட்டல்களில் வாசித்த அபூதாஹிர் நானா கட்டாருக்குப் போகப் போகிறார், அவருடைய பழைய நாலு கம்பிக் கிற்றாரும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டியும் விலைக்கு இருக்கின்றன என்றும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், முறுகல் இல்லை. கழுத்தில் ஒவ்வொரு பிரெற் கோட்டிலும் விரல் வைத்து வாசித்தேன், எங்கும் கம்பி இரையவில்லை. குமிழ்களைத் திருப்பினேன், கரகரப்பு இல்லை. அம்ப்ளிபயரை முழுச் சத்தத்தில் விட்டு, அவருடைய மனைவி ரபீக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்து நாங்கள் குடித்து முடியும்வரை ஓடவிட்டேன். சூடு ஏறியது, கருகல் மணம் வரவில்லை. கிற்றாரின் உடம்பில் பெயின்ற் உரிந்திருந்தது. அதைப் பற்றி எனக்கு என்ன?

அதற்கு நீங்கள் தந்த பதில்: “பழசுக்குக் காசு போடாதை, நான் நல்லதா எடுத்து அனுப்புறன்.” எது நல்லது என்று முடிவு செய்யும் வேலையையும் பார்சலோடு சேர்த்து நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்கு முன்னால் இந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் நீங்கள். தெரியாத ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். சூரிச்சில் உங்கள் வீட்டுச் சுவரில் பதினொரு கிற்றார் தொங்குவதை முகநூலில் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன மரம், என்ன காந்தம், எந்த வருடத்தில் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எதிலாவது எந்தப் பாட்டை வாசித்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு அனுப்பியதற்குக் கீழே, “அரை விலைக்குக் கிடைத்தது, காசுக்குப் பெறுமதி” என்று போட்டிருந்தீர்கள். அதற்கு நூற்றுக்கணக்கான லைக்.

பெறுமதியைத் திரியாயில் பார்த்தோம். கோயில் திருவிழாவுக்கு அதைத்தான் கொண்டுபோனேன். வயல்வெளியில் சுவர் ஏது? பேஸின் தாழ்ந்த சுருதி திரும்பி வராமல் இருட்டுக்குள் போய்விடும். அதைத் தள்ளப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். நீங்கள் முன்னர் அனுப்பிய ஸ்பீக்கர்கள் குரலுக்கு மட்டுமானவை, பேஸைச் செருகினால் கிழிந்துவிடும். ஆகவே உங்கள் சோற்றுப் பானையோடு நின்றேன். ஐந்தாம் கம்பியைத் தொட்டபோதெல்லாம் அது மாட்டுக்கு வயிறு ஊதியது போல ஒரு சத்தம் போட்டது. இடையில் கிற்றாருக்குள் இருந்த பற்றறி செத்தது. ஓம் அண்ணா, தங்கக் கிற்றாருக்குப் பற்றறி வேணும். மாற்றுப் பற்றறி என்னிடம் இல்லை, திரியாய்க் கடையிலும் இல்லை. மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பொடியன்கள் ஒவ்வொருவராக மணலில் இருந்துவிட்டார்கள். ஏன் இருந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஊமைக் கம்பிகளைத் தடவிக்கொண்டு கடைசிப் பாட்டுவரை நின்றேன்.

இதை விற்று அபூதாஹிர் நானாவின் சாமான்களை வாங்க விடுங்கள். “ஓம்” என்று ஒரு சொல் போதும். துறைமுகக் காற்றில் தங்கப்பூச்சு ஏற்கெனவே பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. சுணங்கினால் விலையும் போய்விடும்.

உங்களை மதிக்க விரும்பும்,
நிரோஜினி


பாலையூற்று.
ஜூன் 21

சுகிர்தன் அண்ணாவுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் தெரிகிறது. மலையேறும் படங்கள் நன்றாக இருந்தன. என் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை.

அபூதாஹிர் நானாவின் விமானம் உங்கள் பதிலுக்காக நிற்காது. ஆகவே விற்றுவிட்டேன். வாங்கியவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் முதலாளி. அவருக்கு வாசிக்கத் தெரியாது, குடிக்கிற இடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். உங்களிடம் இருந்தாலும் சுவரில்தான் தொங்கியிருக்கும் என்பதால் எனக்குக் கவலை இல்லை. அந்தக் காசில் பழைய கிற்றாரும் பெரிய பெட்டியும் வாங்கினேன். மீந்த சொற்பத்தைக் குழுச் செலவுக்கென்று துவாரகனிடம் கொடுத்தேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. நீங்கள் குழுவில் எல்லோரிடமும் “களவு” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை எனக்கே சொல்லியிருக்கலாம்.

புதுக் கம்பிகள் வாங்க மிச்சம் காணாது. பழைய கம்பிகளைக் கழற்றிக் குசினியில் சுடுதண்ணியில் போட்டு அவித்தேன். ஊத்தை கழன்றால் சத்தம் திரும்பும், நீங்களும் ஒருகாலத்தில் செய்திருப்பீர்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “உந்தச் சட்டியில இனி நான் சோறு போடமாட்டன், நீயே வச்சு உன்ர இடியப்பத்தைத் தின்” என்றா. அன்று பின்னேரம் துவாரகன் வீட்டு அறையில் பெரிய பெட்டியைப் போட்டு வாசித்தபோது கூரைத் தகரம் அதிர்ந்து தூசி கொட்டியது. றிஸ்கான் அடிப்பதை நிறுத்திவிட்டு, “அல்லாஹ், இப்பதான்டி கால் நிலத்துல முட்டுது” என்றான். பிறகு பழைய பாட்டுகளை எல்லாம் திரும்ப முதலில் இருந்து வாசித்தோம். நேரம் போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் வீடியோவைத்தான் துவாரகன் உங்களுக்கு அனுப்பினான். உங்கள் முதல் கேள்வி, “கிற்றார் எங்கை?” இரண்டாவது கேள்வி, “பேஸே கேக்கேல்லையே, அவள் என்ன செய்யிறாள்?” அண்ணா, போனின் ஸ்பீக்கர் புளியங்கொட்டை அளவு. அதில் பேஸ் கேட்காது. பதினொரு கிற்றார் வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைத் துவாரகன் என்னிடம் உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மார்கழியில் சுவிசில் மேடை ஏற்பாடு செய்கிறீர்களாம். விசாவும் ரிக்கற்றும் நாலு பேருக்குத்தான்: கீபோர்ட், ட்ரம்ஸ், மற்றக் கிற்றார், பாட்டு. பேஸைக் கீபோர்ட்டில் அவனுடைய இடது கை பார்த்துக்கொள்ளும். கேட்காத வாத்தியத்துக்கு ஒரு ரிக்கற் போடுவது காசுக்குப் பெறுமதி இல்லை. இரண்டு விதமாக வாசித்தால் பழக்கம் கெட்டுவிடும் என்பதால் இங்கேயும் இனி நாலு பேர்தான். “அண்ணை சொல்லிட்டார், நான் என்ன செய்ய ஏலும்?” என்றான். போன வருடம்வரை இவன் யார் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவன். விசா என்று ஒரு சொல் கேட்டதும் முதுகெலும்பு ரப்பராகிவிட்டது. பாடுகிற தயாளினி எனக்கு அழுகிற முகம் ஒன்று அனுப்பினாள், எழுத்து ஒன்றும் இல்லை. “இடக்கையோட நான் அடிக்கமாட்டன்” என்று றிஸ்கான் மட்டும் சண்டை பிடித்தான். அவனும் போவான். அவன் உழைப்பை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

எனக்கும் சுவிஸ் பார்க்க ஆசைதான். இல்லை என்று நடிக்கமாட்டேன். ஆனால் சுவிசை விடுங்கள். பகல் முழுவதும் கப்பல் ஏஜென்ற் கந்தோரில் இருந்து, வந்த கப்பல்களின் பெயர்களை அடிக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் அந்த அறைக்குள் போவது ஒன்றுதான் நானாகத் தேடிக்கொண்டது. அதைத்தான் நீங்கள் எடுக்கிறீர்கள். மிக்சரும் ஸ்பீக்கரும் வாங்கித் தந்தவருக்கு அறைக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமையும் சேர்த்து வந்துவிடுமா? பள்ளிக்கூடத்துக்குத் தண்ணித் தாங்கி கட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவரும் தங்கள் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதுகிறார்கள். தண்ணி வருகிறதா என்று பார்க்க ஒருவரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் அவர்களைவிட மோசம், வீடியோவில் பார்த்துவிட்டுக் குழாயை மூடச் சொல்கிறீர்கள்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு நீங்கள் வருகிறீர்கள், நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அப்போது எங்கள் நிகழ்ச்சி. துவாரகனின் இடது கை இன்னும் பழகவில்லை என்பதால் அதுவரை நான்தான் வாசிப்பேன். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, என் பெட்டிக்கு முன்னால் ஒரு பாட்டு முழுவதும் நில்லுங்கள். அதற்குப் பிறகும் போ என்றால் போகிறேன்.

இன்னமும் மரியாதை மிச்சமுள்ள,
நிரோஜினி


பாலையூற்று.
ஆகஸ்ட் 29

சுகிர்தன் அண்ணாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பிள்ளைகள் கேட்ட கருவாடும் மிளகாய்த்தூளும் சுங்கத்தில் பிடிபடாமல் போயிருக்கும்.

நீங்கள் வந்தீர்கள். முதல் மூன்று பாட்டுக்கும் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எட்டி எட்டிப் பார்த்தா. அதற்குப் பிறகு என்ன நினைத்தீர்களோ, போனைப் பைக்குள் போட்டுவிட்டு என் பெட்டிக்கு முன்னால் வந்தீர்கள். கூப்பிட்டபடி வந்ததற்கு நன்றி. அந்தப் பாட்டு உங்கள் காலத்துப் பாட்டு, குழுவில் நீங்கள் வாசித்த பாட்டு. நான் உங்களையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். உங்கள் இடது கை காற்சட்டைத் துணியில் நான் வைக்கிற இடத்திலெல்லாம் விரல் வைத்தது. இரண்டாம் சரணத்தில் நான் ஓரிடத்தில் வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டேன். உங்கள் தலை உடனே நிமிர்ந்தது. திரும்ப வந்து சேர்ந்தபோது கண்ணை மூடினீர்கள். முகம் அழப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

பாட்டு முடிந்ததும் யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போனீர்கள். அன்பளிப்பு என்று உங்கள் அப்பாவின் பெயர் எழுதி மேடையில் கட்டிய துணிக்கு முன்னால் நாலு பேரையும் நிறுத்தி நடுவில் நின்றீர்கள். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். விடியக் கொழும்புக்குப் போய்விட்டீர்கள்.

துவாரகனிடம் கேட்டேன். “அண்ணை ஒண்டும் சொல்லேல்லை நிரோ. சொல்லாட்டி முதல் சொன்னதுதானே” என்றான். போன சனிக்கிழமை அறைக்குள் அவனுடைய இடது கை பழகியது. நான் வெளியே என் பெட்டியை ஓட்டோவில் ஏற்றினேன். றிஸ்கான் இரண்டு தடவை ட்ரம்ஸை நிறுத்தியது வெளியிலும் கேட்டது. பெட்டி இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அம்மா அதன் மேல் மேசைவிரிப்புப் போட்டிருக்கிறா.

போன கடிதங்களில், பேஸ் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் கோபப்பட்டேன். இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள். சூரிச்சில் அறைக்குள் தனியாக ஹெட்போன் போட்டு வாசிக்கிற உங்களுக்கு, இங்கே ஒருத்தி பெட்டி அதிர வாசிப்பது பொறுக்கவில்லை என்று நான் நினைக்கலாமா? நினைக்க விருப்பமில்லை. அப்படியில்லை என்றால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குளிர் தொடங்க முதல் சளிக்கு மருந்து எடுத்து வையுங்கள். பிள்ளைகளில் ஒன்றுக்காவது வாசிக்கக் கொடுங்கள், சுவரில் இருப்பவை நன்றாக இருக்கட்டும். எனக்கு ரிக்கற் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், புகழ்ந்தும் எழுத வேண்டாம். நிலாவெளியில் என் பெட்டிக்கு முன்னால் நின்றபோது பேஸ் கேட்டதா, இல்லையா? துவாரகனுக்கு அதை மட்டும் எழுதுங்கள். இது உங்கள் கைக்கு வந்தபின் வருகிற முதல் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

நிரோஜினி