அவளை யார் அடக்கம் செய்வது

மார்ச் 4
டாக்டர் இன்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், இன்னும் சில வாரங்கள்தான் என்று. மனைவியே கேட்டு வாங்கிய பதில். திரும்பும்போது காரில், "நம்ம கல்யாணத்தை ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கிட்டே நடத்தி வெச்சாரு. அடக்கத்தையாவது நீங்க நடத்துங்க" என்றாள். சிரித்துவிட்டேன். எப்படி நடத்துவேன்? நான் இப்போது போதகர் இல்லை. இடதுசாரிக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். தேர்தலில் நின்ற அன்றே பேராயர் என் போதக உரிமத்தை நிறுத்திவிட்டார்.

மார்ச் 7
பேராயரைப் பார்த்தேன். இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். "சட்டசபையில உக்காந்துக்கிட்டு அங்கியும் போட முடியாதுடா. பதவியை விட்டுட்டு வா, அன்னைக்கே உரிமம் தர்றேன்." சொல்லும்போது அவன் கண்ணும் கலங்கியது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 8
ராஜினாமா என்று வாயெடுத்ததும் கட்சிச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோழர், பதினஞ்சாம் தேதி ஓட்டெடுப்பு. ஒரு ஓட்டுலதான் தொங்குது." கல்குவாரித் தூசியில் நுரையீரல் போனவர்களுக்கு நிவாரணம் தரும் மசோதா — அதற்காகத்தானே அங்கியைக் கழற்றினேன்? அவர்களில் எத்தனை பேரை என் கையால் அடக்கம் செய்திருக்கிறேன்.

மார்ச் 11
அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபித்துக்கொண்டாள். "ஓட்டைப் போட்டுட்டு அப்புறமா பதவியை விடுங்க. அதுக்குள்ள நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்."

மார்ச் 15
ஜெயித்தோம். ஒரே ஓட்டு. மேசையைத் தட்டி ஆரவாரம். வெளியே வந்து போனைப் பார்த்தால் மகள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். "அம்மா போயிட்டாங்கப்பா."
எங்கயும் போக மாட்டேன்னு சொன்னியேடி.

மார்ச் 17
அடக்கம் முடிந்தது. நேற்றே ராஜினாமாவோடு ஓடினேன். சபாநாயகர் வெளியூர் போய்விட்டார்; கடிதத்தை அவர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஏற்றுக்கொள்ளாமல் பேராயர் அசையவில்லை. வேறொரு போதகர் நடத்தினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.
கணவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "தோழர்களே" என்று ஆரம்பித்துவிட்டேன். கல்லறையில், அவள் பெட்டிக்கு முன்னால்! சபையார் தலையைக் குனிந்துகொண்டார்கள். குவாரிக்காரர்கள் பழக்கதோஷத்தில் முஷ்டியை உயர்த்தி, பாதியில் இறக்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

மார்ச் 24
ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இனி அங்கி யாருக்கு?

ஏப்ரல் 3, ஞாயிறு
மகள் ஆலயத்துக்கு இழுத்துப் போனாள். உரிமம் போனதிலிருந்து வெட்கப்பட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவிதான் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். "சும்மா வந்து என் பக்கத்துல உக்காருங்களேன்." போதகர் மனைவி அல்லவா — கல்யாணமான நாள் முதல் நான் பீடத்தில், அவள் முன்வரிசையில் தனியாக.
இன்று அந்த முன்வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டம் நெருக்கியது. ஆராதனை முடியும்வரை என் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை.