இரண்டாவது காலுக்கான நிபந்தனைகள்

கிழக்குக் கரை
3 ஜூன் 1996

அன்புள்ள மெரியானாவுக்கு,

உன் ஆஸ்பத்திரி என் வலது காலை எரித்துவிட்டது. வெட்டியதைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை நோய் அதை அழுக வைத்துவிட்டது. வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். எரித்ததுதான் தப்பு. வீட்டார் ஒருவரிடமும் கேட்காமல், அழுக்குப் பஞ்சோடும் கட்டுத்துணியோடும் சேர்த்து உலையில் போட்டிருக்கிறார்கள். அங்கே நர்சுகளுக்கெல்லாம் தலைவி நீ. என் கூடப் பிறந்தவள்.

காலைக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள், உடம்பு தேறியதும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன வாரம் ஹோஹெப்பாவை லாரியோடு அனுப்பினேன். சித்தப்பா மகன்தானே, அவனிடம் கொடுப்பார்கள் என்று நம்பினேன். சுற்றிக் கொண்டுவர அம்மாவின் கம்பளிப் போர்வையையும் கொடுத்துவிட்டேன். அவனை இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக அலைய விட்டுவிட்டுக் கடைசியில்தான் சொல்லியிருக்கிறார்கள். போர்வையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "அண்ணே, அது அன்னைக்கே புகையாப் போயிடுச்சாம்" என்றான். அப்புறம் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வெகுநேரம் இறங்கவில்லை.

அப்பாவின் விரல்களை நீ மறந்திருக்க மாட்டாய். மர அறுப்பு ஆலையில் இரண்டு விரல் போனபோது, அம்மா மரத்தூளுக்குள் துழாவி எடுத்து, ரொட்டிமாவு டப்பாவைக் கழுவி அதில் போட்டு, ஜெபம் சொல்லிக் கல்லறை மேட்டில் புதைத்தாள். பின்னால் அப்பா போனபோது அதன் பக்கத்திலேயே அவரைக் கிடத்தினோம். விரல்கள் முன்னே போய் இடம் பிடித்து வைத்திருந்தன. என் கால் எங்கே இடம் பிடித்திருக்கிறது? புகைபோக்கிக்கு மேலேயா?

இன்னொரு செய்தி. இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வருகிற நர்ஸ் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதையும் எடுக்க வேண்டுமாம். நான் வரப்போவதில்லை. மிச்சமிருக்கிற காலோடு மண்ணுக்குள் போகிறேன்.

கூமரா கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. கிரி அத்தைக்கு இருமல் நின்றது, பேச்சு நிற்கவில்லை.

உன் அண்ணன்
எருவேரா


11 ஜூன் 1996

அன்பு அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். படித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு எழுதுகிறாய்! டெலிபோன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "உயிரோடத்தான் இருக்கேன், வை" என்கிறாய். உன் உடம்பைப் பற்றி நான் அடுத்தவர் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீ வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அது சரியில்லை அண்ணா. இங்கே எல்லா நோயாளியையும் கேட்கிறோம். வெட்டி எடுத்த உறுப்பு திரும்ப வேண்டுமா என்று கேட்டாக வேண்டும் என்ற விதியை, பாக்கெஹா டாக்டர்களோடு, அந்த வெள்ளைக்காரர்களோடு, சண்டை போட்டுக் கொண்டுவந்தவளே நான்தான். ஜூடித் என்ற நர்ஸ் உன்னிடம் வந்து கேட்டிருக்கிறாள். அதற்கு நீ, "நாய்க்குப் போடும்மா, அதாவது ருசிச்சுத் தின்னட்டும்" என்று சொல்லியிருக்கிறாய். பக்கத்துப் படுக்கைக்காரரும் கேட்டுச் சிரித்திருக்கிறார். அவள் நல்ல பெண். நீ சொன்னதைத்தான் எழுதிவைத்தாள்.

கறுத்த விரலோடு விட்டுவிடாதே. விஷம் ரத்தத்தில் ஏறினால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. காலைப் பணயம் வைக்காதே. ஜன்னலோரப் படுக்கைக்குச் சொல்லிவைக்கிறேன். நானே நேரில் வந்து உன்னைக் கூட்டிப்போக ஆசைதான். இங்கே ஆள் பற்றாக்குறை, மேலிடத்து ஆய்வு வேறு. நகர முடியவில்லை.

உன் தங்கை
மெரியானா


17 ஜூன் 1996

அன்புள்ள மெரியானாவுக்கு,

சொன்னேன். நாய்க்குப் போடு என்று சொன்னது நான்தான். இப்போது எப்படிக் கேட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்.

ஊசி போட்டுத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கிரி அத்தையும் மற்றவர்களும் பார்வை நேரம் முடிந்து போய்விட்டார்கள். அந்தப் பெண் காய்ச்சல் பார்த்தாள், கையைப் பிடித்து நாடி பார்த்தாள், தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம்தானே என்று கேட்டாள். அதே மூச்சில், நின்றுகொண்டே, "உங்க கால் திரும்ப வேணுமாங்க?" என்றாள். பிஸ்கட் வேண்டுமா என்பது போல.

நம்மவர்களில் ஒரு மனிதனைத் தனியாகப் படுக்கப்போட்டு, அவன் உடம்பைப் புதைப்பது பற்றி யாராவது பேசுவார்களா? பத்துப் பேர் கூடி உட்கார வேண்டும். முதலில் ஜெபம், அப்புறம் வானிலை, அப்புறம் செத்தவர்கள் பேச்சு. கடைசியில்தான் விஷயத்துக்கு வருவோம். பதிலையும் நான் சொல்ல மாட்டேன். எனக்காக இன்னொருவர் எழுந்து சொல்வார். அவள் என் காலைக் கேட்டாள், என்னைக் கேட்கவில்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பினாயே, நர்சுகளுக்காக நீ எழுதிய கையேடு, அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரம்படிதான் கிடைத்தது. படிக்கக் கற்றுக்கொண்டது வேலி போடப் போன இடங்களில், பழைய செய்தித்தாளில். ஆனாலும் உன் புத்தகத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். மனிதன் நான்கு சுவர் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறாய். உடம்பு ஒரு சுவர், மனசு ஒரு சுவர், ஆவி ஒரு சுவர், குடும்பம் ஒரு சுவர். ஒன்று சாய்ந்தால் கூரை நிற்காது என்று. நர்ஸ் கையில் உள்ள முதல் மருந்து அவள் நோயாளியின் கூட இருப்பதுதான், மாத்திரையெல்லாம் அதற்கப்புறம் என்று. நோயாளி வாயால் சொல்வதைக் காதால் கேள், சொல்லாததை உட்கார்ந்து கேள் என்று. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நல்ல வரி. எழுதியவள் படித்தாளா என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. என்னை அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அம்மாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது, "என்ன கனம்டா இந்தக் கெழவி, எத்தனை ரொட்டி உள்ள இருக்கோ" என்று சொன்னவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த என் கைமேல் உன் கையை வைத்து இறுக்கினாய். என் கிண்டலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது உனக்கு மட்டும்தான் தெரிந்தது.

எனக்கு ஒரு பதில் போதும். நான் நாய் என்று சொன்னது அன்றைக்கு உன் காதுக்கு வந்ததா, இல்லையா?

பாதம் இப்போது பாதிவரை கறுத்திருக்கிறது. கிரி அத்தை தினமும் அழுகிறாள். ஹோஹெப்பா என்னைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவதாக மிரட்டுகிறான். தூக்கட்டும், கடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எருவேரா


20 ஜூன் 1996

அண்ணா,

வந்தது. ஜூடித் அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்தாள். "உங்க அண்ணன் நெஜமாத்தான் சொல்றாரா, இல்ல சும்மா சொல்றாரா?" என்று கேட்டாள். "சொன்னபடி செய்" என்றேன். நம் ஆட்களில் இந்த நாற்காலிக்கு முதலில் வந்தவள் நான். அண்ணனுக்கு மட்டும் தனிச் சலுகை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அறுவை அறை காலியாக இருக்கிறது. அதற்குமேல் தள்ளினால் முழங்காலுக்கு மேலே போக வேண்டியிருக்கும். இன்னும் தள்ளினால் வெட்டியும் பிரயோஜனம் இல்லை. நீ வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எழுது.

மெரியானா


22 ஜூன் 1996

அன்புள்ள மெரியானாவுக்கு,

வந்தது என்று மறைக்காமல் எழுதினாயே, அதற்காக வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஹோஹெப்பா இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பான். கீழே எழுதியிருப்பதில் ஒன்று குறைந்தாலும் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

டாக்டர் என்னிடம் பேச வரும்போது நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கால்மாட்டில் நின்றுகொண்டு அட்டையைப் பார்த்துப் பேசுகிறவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஜூடித் மறுபடியும் கேட்க வேண்டும். அதே கேள்விதான், ஆனால் அறை நிறைய நம் ஆட்கள் இருக்கும்போது. நான் முதலில் கிண்டல் செய்வேன். செய்து முடிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். எனக்காக எழுந்து பதில் சொல்வது ஹோஹெப்பா.

தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. முகம் துடைத்த துணி வேறெங்கும் போகக் கூடாது. இதுவும் உன் புத்தகத்தில் இருக்கிறது, வார்டில்தான் இல்லை. நீ முன்னால் நின்று பார்த்துக்கொள்.

அறுவை அறை வாசலில் கிரி அத்தை ஜெபம் சொல்வாள். நீளமாகத்தான் சொல்வாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் நிற்க வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டுவது ஹோஹெப்பா. ஒரு காலுக்குப் போதுமான குழி. அவன் கையில் மண்வெட்டி கிடைத்தால் முழு ஆளுக்கு வெட்டிவிடுவான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவை.

காலைக் கொண்டுவருவது நீ. ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்பாதே. உன் காரில், பின்சீட்டில், அம்மாவின் போர்வையில் சுற்றிக் கொண்டுவா. டிக்கியில் வைக்காதே. புதைக்கப் போவதோடு சாப்பாடு சேரக் கூடாது; வண்டிக்குள் ஒரு பிஸ்கட்கூட இருக்கக் கூடாது, வழியில் எங்கேயும் சாப்பிட நிறுத்தாதே. மேலிடத்து ஆய்வுக்காரர்கள் ஒரு நாள் உன்னைக் காணாமல் இருக்கட்டும். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நீ இந்தப் பக்கம் வரவேயில்லை. பாலத்தைத் தாண்டி ரோடு மாறியிருக்கிறது, இடப்பக்கம் திரும்பு. கல்லறை மேட்டு வாசலில் கிரி அத்தை நின்று உன்னைப் பாடி அழைப்பாள். அவள் அழைத்த பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

முதல் காலுக்கு. அந்த உலையின் சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள் என்று நீ விசாரி. அந்த இடத்திலிருந்து இரண்டு கை மண் அள்ளிக்கொண்டு வா. அதில் என் கால் மட்டும் இருக்காது என்று நீ சொல்வாய். தெரியும். என்னைப் போல் போகிறபோக்கில் கேட்கப்பட்டவர்கள், கேட்கப்படாமலேயே போனவர்கள், இன்னும் எத்தனை பேரோ. அத்தனை பேரையும் கொண்டுவா. குழியில் இடம் இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஜெபம் சொல்வோம்.

முடிந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து நீ சாப்பிட வேண்டும். ராத்திரி தங்க வேண்டும். தன்னைக் கவனிக்காத நர்ஸ் யாரைக் கவனிப்பாள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அது உனக்கும்தான். சமையல் கிரி அத்தை பொறுப்பு.

நான் அப்போது உன் வார்டில் கிடப்பேன். அதனால் புறப்படும் முன்பே நாயைக் கட்டிப்போட்டுவிடுகிறேன். அது என் பொறுப்பு.

உன் அண்ணன்
எருவேரா