எட்டுப் பெட்டிகளும் ஒரு வரியும்

மைனி,

இன்று மத்தியானம் தக்கலையில் என் ரிப்பேர் கடைக்கு ஒருவர் இடி வாங்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றியதும் கருகிய போர்டின் வாடை முகத்தில் அடித்தது. நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். நீங்கள் கண்மூடி நாற்பத்தொரு நாள்கூட ஆகவில்லை. இனியும் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது.

பிரௌசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், மஸ்கட்டில் இருந்தார். நீங்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவில் மோதும் அலை பக்கத்து ஊர்க் கரையை எப்படித் தின்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தீர்கள். உங்கள் அப்பா வீட்டு முற்றத்தையே கடல் எடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் கணக்கை ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டினால் இரண்டு மாதம் ஆகும். பிஎச்.டி. பதிவு முடியவோ பத்து நாள்தான். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷப் பாடும் ரத்து. எட்டுப் பெட்டியைச் சேர்த்துக் கட்டினால் எட்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்று மார்தட்டியது நான்தான்.

மூடிய சென்டர் ஒன்றிலிருந்து எட்டுப் பழைய பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவந்து மாடியறையில் வரிசையாக வைத்தோம். லினக்ஸ் ஏற்றி, வயர் இழுத்து ஒன்றோடொன்று பேச வைத்தேன். நீங்கள் கணக்கில் இருந்த கடலை எட்டுத் துண்டாக்கிப் பெட்டிக்கொன்று கொடுத்தீர்கள். ஒவ்வொன்றும் தன் துண்டைக் கணக்கிட்டு, ஓரத்து அலையை அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று நின்றால் எட்டும் நிற்கும். அதனால் மணிக்கொரு முறை அதுவரை போட்ட கணக்கை டிஸ்க்கில் எழுதி வைக்கச் சொல்லி ஒரு வரி போட்டிருந்தீர்கள். இடையில் நின்றாலும் ஒரு மணி நேர நஷ்டத்தோடு போகும்.

சோதனை ஓட்டத்தில் அந்த எழுத்து வேலை ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்தைத் தின்றது. என் எட்டு நாள் ஒன்பதைத் தாண்டும். என் வாய்க்கொழுப்புக்கு அது பொறுக்குமா? உங்களிடம் சொல்லாமல் அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டேன். குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். பிறகு ஓடவிட்டேன்.

ஏழாம் நாள் மூன்று மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுத்தது. முதல் இடி கேட்டதும் நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் பிளக் சுவரில் இருக்காது. மதியம் கரண்ட் போய் வந்ததில் நம் யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் எட்டும் அணையும். இன்னும் இருபது மணி நேர வேலை பாக்கி.

"ஊரட்டா மக்கா? மணிக்கொருக்க எழுதுதில்லா, ஒரு மணி நேரந்தானே போவும்?" என்றீர்கள். உருவுவதற்காகக் கை பிளக்கின் மேல் இருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். "பயப்படாண்டாம் மைனி, இடி மலைக்கு அங்கோட்டுலா கேக்குது" என்றேன். பெட்டிகள் என் பொறுப்பு என்பதால் என் சொல்லை நம்பிக் கையை எடுத்தீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று. எட்டு. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் திரையைப் பார்த்தேன். நான்கு. அடுத்த மின்னலுக்கு எண்ணத் தொடங்குமுன் பக்கத்து வளவுத் தென்னையில் இடி விழுந்தது. வயர் சேரும் இடத்தில் நீலமாக ஒரு வெட்டு, பிறகு எல்லா ஃபேனும் நின்ற அமைதி. மூன்று பெட்டிகள் கருகிவிட்டன.

முதலில் எனக்கு ஒன்றுமில்லையே என்று கையைப் பிடித்துப் பார்த்தீர்கள். அப்புறம்தான் கேட்டீர்கள்: "போட்டு, பெட்டி போனாப் போவட்டு. எழுதி வச்சது கெடக்கும்லா?"

எழுதும்போது இடி அடித்ததில் ஃபைல் கெட்டுவிட்டது என்றேன். நீங்கள் கீழே இறங்கிப் போனீர்கள்.

இடி விழுந்த மூன்றாம் நாள் திருநெல்வேலிக்குப் போய், பல்கலைக்கழக அலுவலக வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்து, ஒரு மாத அவகாசம் வாங்கி வந்தீர்கள். காரணம் என்ற இடத்தில் இடி என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அதற்குள் நான் வேறு போர்டுகள் மாட்டி வைத்திருந்தேன். "இனி மணிக்கொருக்க எழுதுமா?" என்று கேட்டீர்கள். எப்போதும் போல எழுதும் என்றேன். "சரி" என்று சேலை மாற்றப் போனீர்கள்.

கதவு சாத்தியதும், குறியை அழிக்கலாம் என்று அவசரமாக அந்தக் கோப்பைத் திறந்தேன். குறி அங்கே இல்லை. கோப்பைத் திருத்திய நேரத்தைப் பார்த்தேன். இடி விழுந்த மறுநாள் காலை.

எல்லாம் தெரிந்துதான் அந்த வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். தெரிந்துதான் மறுபடியும் கேட்டீர்கள். மூன்று தடவை கேட்டீர்கள் மைனி, மூன்று தடவையும் நான் பொய் சொன்னேன். உங்களுக்குப் பட்டம் கிடைத்தது. அதன்பின் அத்தனை வருஷம் ஒரே அடுக்களையில் சாப்பிட்டோம். அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மைனியின் படிப்புக்காகத் தம்பி கடைசிவரை மெஷினை விட்டு அசையவில்லை என்று அண்ணன் இப்போது துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருக்கு அப்படிச் சொல்லிவைத்தது நீங்கள். நேற்றும் சொன்னார். வந்தவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீங்கள் இருந்தவரைக்கும் அந்தக் கதை நீங்கள் எனக்குக் கொடுத்த மன்னிப்பு. இப்போது அது என் பொய் மட்டும்தான்.