முப்பத்தெட்டு வட்டங்கள்

மார்ச் 4
பதிப்பாசிரியர் என் நாவலைத் திருப்பித் தந்துவிட்டார். ‘பொறுத்துக்கொண்டாள்’ என்ற சொல்லை முப்பத்தெட்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். முப்பத்தெட்டும் அக்காவைப் பற்றியவை. நாவலே அவள் கதைதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒத்தசொல், எதிர்ச்சொல் அகராதி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அகராதி பார்த்து எழுத நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? மாதக் கடைசிக்குள் திருத்தித் தர வேண்டுமாம்.

மார்ச் 5
வாங்கிவிட்டேன். செங்கல் கனம்.

மார்ச் 9
சகித்தாள், தாங்கினாள், விட்டுக்கொடுத்தாள், அடங்கிப்போனாள் – அகராதியில் இருந்த வரிசையிலேயே எடுத்து வட்டங்களில் நட்டு அனுப்பிவிட்டேன். இவ்வளவுதானா வேலை!

மார்ச் 12
அவர் போனில் பேசினார். ஒரே பக்கத்தில் அக்கா நாலு ஆளாகத் தெரிகிறாளாம். “சொல்லை மாத்தியிருக்கீங்க, ஆளைப் பாக்கலையே” என்றார். குரங்கு கையில் பூமாலை என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

மார்ச் 15
இம்முறை ஒவ்வொரு வட்டமாக. அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் இந்தச் சொற்கள் ஒன்றல்ல. விட்டுக்கொடுப்பவளுக்குப் பிரியம் இருக்கும், அடங்கிப்போகிறவளுக்குப் பயம். எதை எடுக்கப் போனாலும், அன்று அக்காவுக்கு என்ன இருந்தது என்று யோசிக்க வைக்கிறது. முதலில் எழுதியபோது எதையுமே யோசிக்கவில்லையே நான்.

மார்ச் 18
இருபத்தாறாவது வட்டம். பேருந்து நிலையம். அம்மா படுக்கையில் கிடந்தாள். எங்களில் ஒருத்திதான் வெளியூர் போய்ப் படிக்க முடியும். அக்காவுக்குக் கட்டட வரைபடப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. போனது நான். என் பெட்டியை அவள்தான் ஏற்றிவிட்டாள். ‘அவள் பொறுத்துக்கொண்டாள்.’

ஒத்தசொல் எதுவும் ஒட்டவில்லை. எதிர்ச்சொல் பக்கம் கண் போனது. சினந்தாள், கொதித்தாள்.

ஐயோ. பெட்டியைத் தொப்பென்று போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு, எழுதாம விட்டிருக்கேன். அவள் பொறுத்துக்கொண்டாள் என்றால் நான் போனது சரியாகிவிடும் – அதற்குத்தானே? சீ, என்ன புத்தி.

மார்ச் 19
கேட்பதா? கேட்டால் மறுபடி என்னோடு பேசுவாளா?

மார்ச் 21
அக்கா வீட்டுச் சமையலறையில் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

“நான் எங்கடி பொறுத்துக்கிட்டேன்? பெட்டியோட உன்னையும் தூக்கி எறியணும்போல இருந்துச்சு.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேக்கவே இல்லையே. இப்பவும் புஸ்தகத்துக்காகத்தான வந்து கேக்குற.”

சுருக்கென்றது. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. கிளம்பும்போது வாசல்வரைகூட வரவில்லை.

மார்ச் 27
ஆறு நாளாக அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 30
‘தங்கையின் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.’ அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பெட்டி விழுந்த சத்தத்தையும் சேர்த்துவிட்டேன். முழு நாவலையும் முதலில் அக்காவுக்கு அனுப்பினேன், அவள் வேண்டாம் என்றால் அச்சுக்கே போகாது என்று ஒரு துண்டுச்சீட்டும் வைத்து. பதிப்பாசிரியரிடம் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 6
அக்கா கூப்பிட்டாள். எடுத்ததும் திட்டு. முக்கால் மணி நேரம். பேருந்து நிலையத்தில் தொடங்கி, நான் கடிதம் போடாத மாதங்கள், அம்மாவின் கடைசி வாரத்தில் பரீட்சை என்று சொல்லி வராமல் இருந்தது, அவளுடைய வரைபலகையைக் கேட்காமல் எடுத்துப் போனது வரை ஒன்றையும் விடவில்லை. இத்தனை வருடத்தில் என்னை ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. நடுவில் மூச்சு வாங்கியது, தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாள்.

நாவலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“இன்னும் இருக்குடி. நாளைக்குக் கூப்பிடுறேன், எடு” என்று வைத்தாள்.

நாளை நான் எங்கும் போகவில்லை.