ஒரே தொகை சொன்ன தெரு

நேற்று நம் ஆராய்ச்சி மையத்தின் வாசலில் உன்னை ஃப்ளெக்ஸில் கட்டி வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நின்று சிரிக்கிறாய். துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூள் அதற்குள் உன் கன்னத்தில் படிந்துவிட்டது. படத்துக்குக் கீழே உன் பெயர், அதற்குக் கீழே 'நினைவுப் பயிற்சி முகாம்'. "ஒங்க ஃப்ரெண்டு மேடம்லா, படம் நல்லா வந்திருக்கு" என்றார் காவலாளி. நல்லாத்தான் வந்திருக்கிறது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நீ உயிரோடு இருந்தபோது உன்னை இதே வாசல் வழியாக வெளியே அனுப்பியவர்கள் கட்டிய படம் அது.

முகாம் யாருக்கு என்கிறாய்? நம் பிள்ளைகளுக்குத்தான். புதிதாக ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறவர்களுக்கு, கடலுக்கு விலை மதிப்பிடக் கற்றுக்கொடுக்கிற அதே பயிற்சி. முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பாருக்கும் பவளப்பாறைக்கும் எந்தக் கடையிலும் விலைச்சீட்டு கிடையாது. அதனால் வீடு வீடாகப் போய், 'இது அழியாமல் இருக்க மாதம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள்?' என்று கேட்க வேண்டும். கேட்பது எளிது என்றுதான் வருகிற எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் கரை ஊருக்குப் போனபோது கருவாட்டு வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். ஆழ்வார்திருநகரி அக்ரகாரத்து மூக்கு, என்ன செய்ய? நீ நடுத்தெருவில் நின்றுவிட்டாய். "ஏளா, மூக்கப் பொத்திக்கிட்டுப் போயி கடலுக்கு என்ன வெலன்னு கேக்கப் போறியோ?" நாசரேத்துக்காரியின் வாய்க்குக் கேட்கவா வேண்டும்! வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முந்தானை தானாக இறங்கியது.

பயிற்சியில் நீ அதிகம் பாடம் நடத்தமாட்டாய். "கேட்டுட்டு வாய மூடுங்க" என்பாய், அவ்வளவுதான். தொகையைக் கேட்டபின் புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. நம் முகத்தைப் பார்த்து அவர்கள் பதிலை மாற்றிவிடுவார்களாம். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்லும்வரை வாய் திறக்காமல் இருக்கப் பழக்குவாய். பாதிப்பேர் சிரித்துத் தொலைப்பார்கள். சிரிக்காமல் இருந்தவள் முத்துமாரி ஒருத்திதான். மாப்பிள்ளையூரணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்த ஒல்லிப் பெண். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அவளைத்தான் பலி கொடுத்தார்கள்.

அவளுக்கு ஒதுக்கிய தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஐம்பது ரூபாய். சொந்தப் படகு வைத்திருக்கிறவர் வீட்டிலும் ஐம்பது, கூலிக்குச் சங்கு குளிக்கப் போகிறவர் வீட்டிலும் ஐம்பது. ஒவ்வொரு பேட்டியும் ஆரம்பித்த வேகத்தில் முடிந்திருந்தது. நம் இயக்குநர், அவள் பதில்களைப் பதிந்திருந்த டேப்லெட்டை மேசைமேல் போட்டுச் சொன்னார்: "க்ளியர் கேஸ். டீக்கடையில உக்காந்து டிக் அடிச்சிருக்கா." அந்தப் பெண் அழவில்லை. "வீடு வீடாப் போனேன் சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாளே நீ என்னையும் இழுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாய். முதல் வீட்டு அந்தோணியம்மாளிடம் நீ கேட்டதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் புள்ள மொதல்ல கமிட்டியில வந்து உத்தரவு கேட்டுச்சி. என்ன கேக்கப் போறன்னு கமிட்டியில கேட்டாங்க, சொல்லிச்சி. ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் ஊர் கூடிப் பேசி, வீட்டுக்கு அம்பதுன்னு முடிவு பண்ணோம். கோயில் திருநாளுக்கு வரி போட்டா ஒரு வீடு கூடவும் ஒரு வீடு கொறச்சுமா குடுக்கோம்? கடலு பொதுவுலா?"

இவ்வளவுதான் நடந்தது. ஊர்க் கமிட்டியின் உத்தரவு இல்லாமல் அந்தக் கரையில் யாரும் நோட்டும் கையுமாக நுழைய முடியாது. உத்தரவு கேட்கப் போனவள் கேள்வியையும் சொல்லிவிட்டாள். தனித்தனி வீட்டுக்கான கேள்வியை ஊர் தனக்கான வரியாக எடுத்துக்கொண்டது. பயிற்சியில் இதைப் பற்றி நாம் யாருமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நீ இயக்குநரிடம் போய்ச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் சொன்னேன். அவள் அங்கே போனதற்கு டேப்லெட்டில் இடம் பதிவாகியிருக்கிறதே என்றேன். "தெருவுக்குப் போனதுக்குத்தான் அது சாட்சி, கேட்டதுக்கு இல்ல" என்றார். நீ, "சார், அது பொய் இல்ல, ஊரோட பதில்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நம்ம மெத்தட்ல ஊருக்கு இடம் கிடையாதே மேடம்."

கணக்கிலிருந்து தெருவை நீக்கினார்கள். முத்துமாரியை நீக்கினார்கள். அவள் பெயருக்கு எதிரே 'போலிப் பதிவு' என்று எழுதினார்கள். அதற்குப்பின் அவளை எந்த ஆராய்ச்சியிலும் யாரும் சேர்க்கவில்லை. அந்தத் தெருவைத் தனி அத்தியாயமாகவே அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். அடுத்த பயிற்சிப் பட்டியலில் உன் பெயரும் இல்லை. பிறகு நோய் வந்தது. அதை எனக்கே கடைசியில்தான் சொன்னாய், அதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாலையோடு மட்டும் முதல் ஆளாக வந்து நின்றார்கள்.

இனிதான் கேள், வயிறு எரிகிற கதையை. நேற்று உள்ளே ஒரு இளம் விரிவுரையாளன் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் ஒரு அட்டவணை, வரிசையாக ஐம்பது, ஐம்பது, ஐம்பது. தலைப்பு: 'கணக்கெடுப்பாளரின் மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி?' பிள்ளைகள் சிரித்தார்கள். திரைக்குப் பக்கத்தில் மாலை போட்ட உன் படம். உன் பெயரில் நடக்கிற பயிற்சியில், நீ யாருக்காகச் சண்டை போட்டாயோ அவளைத் திருடி என்று பாடம் நடத்துகிறார்கள்!

எழுந்துவிட்டேன். "மேடம், டீ பிரேக்ல பேசலாமே" என்றார் இயக்குநர். டீயும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம் என்று, கமிட்டி, பூசை, வரி எல்லாவற்றையும் சொன்னேன். முத்துமாரியின் பெயரையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. கடைசியில் இயக்குநர், "சரி மேடம், அந்த ஸ்லைட எடுத்துடறோம்" என்றார். மறுபடியும் எடுக்கிறார்களாம். எடுக்காதீர்கள், தலைப்பை மாற்றுங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார். அவருடைய 'பாக்கலாம்' என்னவென்று உனக்குத் தெரியாதா?

அங்கிருந்து நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன். முத்துமாரி அங்கேதான் பில் போடுகிறாள். கூட்டமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பஸ்ல வரும்போது அம்மா படத்தப் பாத்தேன் மேடம். பெருசா வச்சிருக்காங்க." உன்னை அவள் அம்மா என்றுதான் சொல்வாள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சேலையைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

"எம்பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்ளா. எல்லாருக்கும் கேக்கும்படியாத்தான் சொன்னேன்."

"நம்புனாங்களா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். புருவம்கூட அசையவில்லை. நீ பழக்கியபடியே, பதில் வரும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.