பழைய படியை ஆற்றில் விடாது காக்க வேண்டி விடுத்த ஓலை

நலம் பெருகுக. மலை மூன்றுக்கும் காவலராய், நீலவரை நாட்டின் வேந்தராய் விளங்கும் பெருநற்கோ மாவண்கண்டர் வீற்றிருக்கும் முரசூரிலிருந்து, அவர்தம் ஆவணக்களரியின் ஓலைநாயகம் சாத்தன் எழினி, கழிமுகக் கோட்டையை ஆளும் தலைவி எயினியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மதிலும் துறையும் மரக்கலங்களும் தீங்கின்றி விளங்குக. இன்னும் வாழ்த்தி எழுதுவதே மரபு என்பதை அறிவேன். ஆயினும் குதிரை வாயிலில் சேணம் பூட்டி நிற்கிறது. வாழ்த்தின் மீதியை நேரில் வந்து சொல்லக் கடமைப்பட்டவனாய்ச் செய்தியைத் தொடங்குகிறேன்.

எங்கள் களரி ஆவணங்களுக்கு இவ்வாண்டு எடுத்த புதுப்படிகளை ஏற்றிய வண்டிகள் ஆற்றுச்சாலை வழியே தங்கள் கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டன. அவை துறையை அடைந்ததும், சென்ற ஆண்டின் படிகளைப் பறை முழங்க ஆற்றில் விடுவது தங்கள் நாட்டு வழக்கம். புதியது வந்த இடத்தில் பழையது ஓரிரவும் தங்கலாகாது என்று துறைமக்கள் நம்புவதையும், புதுப்பெட்டி வண்டியிலிருந்து இறங்குமுன்பே பழைய பெட்டி நீரில் இறங்கிவிடுவதையும் நான் அறிவேன். இம்முறை அவ்வாறு செய்யாதிருக்க வேண்டுகிறேன். புதுப்படியில் ஓர் ஓலைக்கட்டு இல்லை. அதன் மூலம் எரிந்துபோயிற்று. அக்கட்டில் எழுதியது எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், தங்களிடம் உள்ள பழைய படியில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மன்னர் பேரேரி கட்டியபோது நொச்சிக்குடி மக்கள் தம் வயல்களை நீருக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக மேற்கழனி அவர்களுக்கு வழங்கப்பட்டது. அந்தக் கொடையைப் பதிந்த கட்டே இப்போது இல்லாதது. மேற்கழனி உடையவர் இல்லாத நிலம் என்று உப்பு வணிகர் தலைவர் வழக்கிட்டதால், அவையில் காட்டுவதற்காக அக்கட்டைக் களரியிலிருந்து எடுத்துச் சென்றார்கள். அது அவையில் இருந்த நாட்களில்தான் இங்கே படியெடுப்பும் நடந்தது. எங்கள் முறை தாங்கள் அறியாததன்று. வாசிப்பாளர் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தர்கள் தலை நிமிராது எழுதுவார்கள். காதில் விழாதது ஓலையில் ஏறாது. வாசிப்பாளர் கொற்றனாரை அழைத்துக் கேட்டேன். பெட்டியில் இல்லாத கட்டை வாசிப்பதற்குத் தாம் மந்திரவாதி அல்லர் என்று அவர் சினந்து கூறினார். அவர் கூறியதில் பிழையில்லை. பெட்டியைத் திறவாமல் மேலே முத்திரை இடுகிறோமே, பிழை அங்கே இருக்கிறது.

பின்னர் அவை மண்டபத்தில் விளக்குச் சரிந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. கட்டு மட்டும் கரியாயிற்று. படி இருக்கிறதே, கவலை எதற்கு என்று அவையோர் அனைவரும் கூறினர். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் மனம் ஒப்பாமல், படியெடுத்த நாட்களின் எழுத்தர் குறிப்புகளை எடுத்து ஒவ்வொரு கட்டாக ஒத்துப் பார்த்தேன். நொச்சிக்குடியின் பெயர் வரவில்லை. என் கண்ணையே ஐயுற்று, வேறொருவரைக் கொண்டு மீண்டும் பார்க்கச் செய்தேன். அவர் கண்ணிலும் அது படவில்லை. அதற்குள் வண்டிகள் நகர வாயிலைக் கடந்துவிட்டன.

வழக்கு வரும் முழுநிலா நாளில் தீர்க்கப்படும். சான்று இல்லாத நிலம் கருவூலத்துக்கு உரியது என்பது நம் சட்டம்; கருவூலத்திடமிருந்து அதை வாங்க உப்பு வணிகர் காத்திருக்கிறார். நொச்சிக்குடியின் தலைவி மருதியார் தம் மக்களோடு களரி வாயிலில் அமர்ந்திருக்கிறார். ஓலை எரிந்ததென்றால் ஏரியைப் போய்ப் பார்க்கலாகாதா, எங்கள் வயல் அதன் அடியில்தானே கிடக்கிறது என்று அவர் என்னைக் கேட்டார். விதைநெல்லை மூட்டையாகக் கட்டிக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கே விதைப்பது என்று கேட்கிறார்கள்.

தாங்கள் செய்தருள வேண்டியவை இவை. பழைய பெட்டிகளைத் துறைக்குக் கொண்டுபோக விடாதீர்கள். நொச்சிக்குடிக் கட்டைத் தேடி எடுத்து, தங்கள் முன்னிலையில் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதி, எழுதியதை மூன்றாமவர் பழைய கட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். அவ்வாறு இரண்டு படிகள் எடுத்து ஒன்றை மலைவழியிலும் மற்றொன்றைப் படகிலும் அனுப்புக. பழைய கட்டு தங்கள் கோட்டையை விட்டு வெளியேறலாகாது. நானே பதறி எழுதிக் கேட்டாலும் அனுப்ப வேண்டாம். புதுப்பெட்டிகளையும் திறந்து பழையவற்றோடு ஒத்துப் பாருங்கள். ஒரு கட்டு விடுபட்டதை நான் கண்டுபிடித்தேன். வேறு விடுபடவில்லை என்று உறுதி கூற எனக்குத் துணிவில்லை.

இவ்வோலை சேருமுன் பெட்டிகள் ஆற்றில் விடப்பட்டிருந்தால், படகோட்டிகளையும் வலைகளையும் கீழ்நீருக்கு அனுப்புக. ஓலையில் பூசிய மை கரையும். எழுத்தாணி கீறிய கோடு கரையாது. கிடைத்தவற்றைத் துடைக்காமல், வெயிலில் இடாமல், நிழலில் பிரித்து உலர்த்தி, பின் மை தடவினால் எழுத்துத் தெரியும். இதை நான் சிறு துண்டோலையில் செய்து பார்த்திருக்கிறேன். ஆறு முழுவதற்கும் இது பொருந்துமா என்பது தெரியாது.

அக்கட்டு தங்களிடம் இருக்கிறது என்பதும் நான் சென்ற ஆண்டுப் படிகளின் பட்டியலில் கண்டதேயன்றி நேரில் கண்டதன்று. தேடியும் இல்லையெனில், இல்லை என்றே எழுதுக. என்னைத் தேற்றுவதற்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். மருதியாரிடம் நான் அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

இனி மறைக்கலாகாத ஒன்று. மன்னர் நோன்பில் இருப்பதால் அரச முத்திரை மூத்த அமைச்சர் மதங்கனார் கையில் உள்ளது. அவரிடம் சென்று, இவ்வோலைக்கு அம்முத்திரையை இடுமாறு வேண்டினேன். பகலில் சுங்கச்சாவடியில் உழைத்து மாலையில் பள்ளியில் படித்து வந்த என்னைப் போன்றவர்கள், விளக்கு அணைந்தால் பொழுதே விடியாது என்று அஞ்சுவார்கள் என நகைத்தார். தலைமுறைகளாக நடந்த வழக்கத்தை ஓர் இளைஞனின் ஐயத்துக்காக நிறுத்த முடியாதென்றும், நோன்பு முடிந்தபின் மன்னரிடம் கேட்கலாம் என்றும் கூறி அனுப்பிவிட்டார். அவர் கூறுவதே சரியாகவும் இருக்கலாம். நோன்பு முடிவதற்குள் வண்டிகள் தங்கள் துறையில் நிற்கும்.

ஆகவே இவ்வோலையில் இருப்பது களரியின் சிறுமுத்திரை மட்டுமே. கோட்டைத் தலைவியை இது கட்டுப்படுத்தாது. இதைப் புறக்கணிக்கத் தங்களுக்கு உரிமை உண்டு. புறக்கணித்தால் தங்கள்மேல் குற்றமில்லை. ஏற்றுக்கொண்டால், துறைமக்களின் சினத்துக்கு என் பெயரைக் கூறுக. அரச முத்திரையோடு மற்றோர் ஓலை பின்னே வரக்கூடும். அது என் சொல்லை மறுக்கலாம்; என்னைப் பதவியிலிருந்து நீக்கியும் இருக்கலாம். அப்படியாயின் பெட்டிகளை அன்றே ஆற்றில் விடுக. ஆறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அதுவரை அவை கரையில் இருக்கட்டும். களரிச் சிறுமுத்திரை இட்டு, என் கையால் கீறி, மலைவழியில் விடுத்தேன். கட்டளையிடும் தகுதி எனக்கில்லை. இதைக் கட்டளையாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.