பாப்புவுக்கு வைத்த பன்

ஆவணி 9, திங்கள்

பாப்பு, காலையிலேயே புழுக்கம். கேன்டீனில் தட்டு கழுவ நின்று நின்று கால் வீக்கம். கால் கட்டைவிரல் புண் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர்.

நர்ஸம்மா ஒரு நோட்டு கொடுத்தாள். "வாயில போட்டது எல்லாம் எழுதும்மா. அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னும் எழுது. உனக்கு எது முக்கியம்னு மேல ஒரு வரி."

எழுதினேன். "பாப்பு மனசு நோகக்கூடாது" என்பதுதான் அந்த வரி.

நோட்டின் முன்பக்கம் நர்ஸம்மாவுக்கு. பின்னாலிருந்து உனக்கு.

ஆவணி 10, செவ்வாய்

இட்லி 2. மதியம் சோறு ஒரு கரண்டி, கீரை. மாத்திரை போட்டாச்சு.

மூன்று மணி. தெருமுனையில் நீ வந்து இறங்கும் கம்பெனி ஷிப்ட் பஸ் ஹாரன். பசியில்லை, ஆனாலும் எழுந்துவிட்டேன். டீக்கடைக்குப் போய்விட்டேன்.

"இன்னாக்கா, தெனம் கிரீம் பன்னு? சுகருன்னு சொன்னியே."

"எனக்கு இல்லபா. பாப்புக்கு."

கடைக்காரன் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். தண்ணீர், சூடம். கம்பெனியில் தரும் பன்னைக் கொண்டுவந்து 'பாதி அம்மாவுக்கு' என்று பிய்த்துத் தருவாயே. அதை நிறுத்திவிட்டார்கள் என்று போன வருசம் சொன்னபோது உன் முகம் வாடியது. அதுதான் வைக்கிறேன்.

படைத்ததைக் குப்பையில் போடலாமா. நானே தின்றேன். அப்புறம்தான் படுக்க முடிந்தது. முன்பக்கம் எழுதவில்லை. அது உன்னுடையது.

ஆவணி 11, புதன்

மழை. ஹாரன் இரண்டு முறை. பன் 2.

சாயங்காலம் நர்ஸம்மா வூட்டுக்கே வந்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். "இட்லி, கீரைன்னு எழுதிக்கீற. சுகர் ஏறிக்கினே போவுது. காத்தக் குடிச்சா ஏறுமா?"

காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். புண்ணில் நாற்றம்.

ஆவணி 12, வியாழன்

சூடம் காட்டும்போது பக்கத்து ரூம் மாரி வந்தாள். கம்பெனி லைனில் உன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், திருநெல்வேலிக்காரி.

"என்னத்தே, பன்னா வச்சிருக்கிய?"

"அவளுக்குப் புடிக்குமே."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கம்பெனியில பன்ன நிப்பாட்டவே இல்ல அத்தே. பாப்பு பஸ்ல ஏறுனதும் அத எங்கையில குடுத்துருவா. அம்மாவுக்குச் சுகரு, வீட்டுக்குக் கொண்டு போனா தின்னுருவா, நீ சொல்லிராதேன்னா."

எனக்காகத்தான் பொய் சொன்னாயா, பாப்பு.

பன்னை எடுத்து அவளிடம் நீட்டினேன். "பழயபடி எங்கிட்டயே குடுங்க" என்று சிரித்தாள். வாங்கினவள் கடிக்கவில்லை, அழுதாள்.

நோட்டை முன்பக்கம் திருப்பினேன். செவ்வாய், பன் 1. புதன், பன் 2. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்ற இடத்தில் ஹாரன் என்று எழுதினேன்.

நாளைக்கு ரத்தம் பார்ப்பார்கள், விரல் தப்புமா தெரியவில்லை. நாளைக்கும் மூன்று மணிக்கு ஹாரன் அடிக்கும். நான் என்ன தின்கிறேன் என்று நீ கவலைப்பட்டாய். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

உனக்கு நாளைக்கு என்ன வைக்கட்டும், பாப்பு?